கொயினா மரத்தின் குலம் கண்டவர்

கண்டி நகரிலிருந்து நாலு கல் தொலைவில், மகாவலி கங்கை வளைந்து மூன்று புறமும் அணைத்துச் செல்லும் நிலத்திலே பேராதனைத் தாவரவியற் பூங்கா அமைந்துள்ளது. விடுமுறை நாட்களில் அங்கே செல்லும் கூட்டத்திற்குக் குறைவில்லை. ஆற்றங்கரை மூங்கிற் புதர்களைக் கண்டு வியப்பார்கள்; ஓர்க்கிட் மலர்களைப் பார்த்து மகிழ்வார்கள்; நிழலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டு திரும்புவார்கள். 1821 ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் மூன் என்பார் தொடக்கி வைத்த இப்பூங்கா, ஒரு காலத்தில் இலங்கைத் தீவின் செல்வத்தையும் சோற்றையும் தீர்மானிக்கும் நிலையமாக இருந்தது என்பது அவர்களுட் பலர் அறியாத செய்தி. கோப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை இன்னும் வேர்கொள்ளாதிருந்த இடைக்காலத்திலே, மலைநாட்டின் நம்பிக்கையெல்லாம் ஒரு மரத்தின் பட்டையில் தங்கியிருந்தது. அம்மரம் சிங்கோனா. நம் தோட்டத்து மக்கள் அதைக் கொயினா என்றே அறிவர். அந்நாளில் பேராதனையின் இயக்குநராக இருந்து, அம்மரத்தின் குலவகையை ஆராய்ந்தவர் ஹென்றி டிரைமன்.

டிரைமன் 1843 ஆம் ஆண்டு அக்டோபர் 26 ஆம் நாள் இலண்டனிற் பிறந்தார். அவருடைய தமையனார் ரோலண்ட் டிரைமன் தென்னாபிரிக்காவுக்குச் சென்று வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியிற் பெரும்புகழ் பெற்றவர். தம்பிக்கோ செடிகொடிகளின்மேல் நாட்டம். அந்நாளில் தாவர நூலைக் கற்க விரும்பிய இளைஞருக்கு மருத்துவக் கல்வியே வாயிலாக இருந்தது. மருந்துகளிற் பெரும்பாலானவை மூலிகைகளாக இருந்தமையால் மருத்துவரெல்லாம் ஓரளவு தாவர நூலும் கற்றாக வேண்டும். டிரைமனும் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் பயின்று 1865 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டு நகரில் வாந்திபேதி நோய் பரவியபோது மருத்துவ அலுவலராகச் சில காலம் பணி புரிந்தார். ஆயினும் நோயாளிகளைப் பார்த்துப் பொருள் ஈட்டும் தொழிலில் அவர் மனம் நிலைக்கவில்லை. அதே 1866 இல், பூக்கும் செடிகளுள் மிகச் சிறியதான வுல்பியா என்னும் நீர்ச்செடியை, குண்டூசித் தலையளவே உள்ள அப்பச்சைப் புள்ளியை, இங்கிலாந்தின் குட்டை நீரில் முதன்முதலாகக் கண்டவர் அவரே. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கிடக்கும் வேறுபாட்டைக் கவனிக்கும் கண் அவருக்கு இளமையிலேயே வாய்த்திருந்தது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம். பின்னாளில் அக்கண் இத்தீவுக்குப் பெரிதும் வேண்டியதாயிற்று.

செயின்ற் மேரி மருத்துவமனைப் பள்ளியிலே தாவரவியல் விரிவுரையாளராகவும், 1869 முதல் பிரித்தானிய அரும்பொருட் காட்சிச்சாலையின் தாவரப் பிரிவில் உதவியாளராகவும் அவர் பணியாற்றினார். தாவரவியல் திங்களிதழ் ஒன்றின் ஆசிரியப் பொறுப்பையும் சில ஆண்டுகள் ஏற்றிருந்தார். ராபர்ட் பென்ட்லி என்னும் பேராசிரியருடன் சேர்ந்து அவர் இயற்றிய மருத்துவத் தாவரங்கள் என்னும் நூல் 306 வண்ணப் படங்களுடன் நான்கு பெருந் தொகுதிகளாக 1880 இல் நிறைவெய்தியது. மருந்து தரும் செடிகளையெல்லாம் ஒன்றொன்றாக ஆராய்ந்த அந்நூலின் வேலையில் சிங்கோனாவின் சிக்கலும் அவருக்கு நன்கு அறிமுகமாகியிருக்க வேண்டும். அந்த ஆண்டிலேதான் அவர் பேராதனையின் இயக்குநராக இலங்கைக்கு வந்தார். வயது முப்பத்தாறு. இங்கிலாந்தின் நூலகங்களும் நண்பர்களும் ஒரு புறம். மலேரியாக் காய்ச்சலும் மழையும் மறுபுறம். திரும்பிப் போகும் எண்ணத்துடன் வந்தாரோ என்னவோ, இறுதிவரை கண்டியே அவர் இருப்பிடமாயிற்று.

அவருக்கு முன் அப்பதவியில் முப்பது ஆண்டுகள் வீற்றிருந்தவர் த்வெயிட்ஸ். பெரும் புலவர். 1861 இல் தென்னமெரிக்காவிலிருந்து சிங்கோனா விதைகள் இலங்கைக்கு வந்தபோது, பேராதனையின் வெப்பம் அதற்கு ஒவ்வாதென்று கண்டு, நுவரெலியாவுக்கு அப்பால் ஹக்கலை மலையடிவாரத்திலே, ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில், அதற்கெனத் தனியொரு பூங்காவை அமைத்தவர் அவர்தாம். நாற்றுக்களைத் தோட்டத் துரைமாருக்கு வழங்க அவர் முன்வந்தபோது வாங்குவார் மிகச் சிலரே. கோப்பி பொன்னாய் விளைந்த காலம் அது. கசப்புப் பட்டையை யார் நினைப்பார்?

நிலைமை 1869 இல் மாறியது. கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடியாகத் தோன்றும் ஒரு பூஞ்சண நோய் அவ்வாண்டு இங்கே காணப்பட்டது. த்வெயிட்ஸ் அனுப்பிய இலைகளைப் பார்த்து இங்கிலாந்தில் பெர்க்லி என்னும் அறிஞர் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். பாழாக்குவது என்பது அப்பெயரின் பிற்பகுதிக்குப் பொருள். பெயர் பொய்க்கவில்லை. 1870 களின் இறுதியில் 2,75,000 ஏக்கர் வரை பரந்து கிடந்த கோப்பி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சுருங்கி மறைந்தது. கடன்பட்ட துரைமார் பலர் தோட்டங்களைக் கைவிட்டனர். திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்த நம் மக்களின் வயிறும் அதோடு சேர்ந்து காய்ந்தது. துரை கப்பலேறிவிடலாம், கூலிக்காரன் எங்கே செல்வான்? தோட்டங்களின் சரித்திரத்தை எழுதுவோர் துரைமாரின் நட்டத்தைக் கணக்கிடுகிறார்களே ஒழிய, இவர்களுடைய நட்டத்துக்குக் கணக்கு வைத்தவர் அரியர்.

இந்த நெருக்கடியிலேதான் எல்லார் கண்ணும் சிங்கோனாமேல் விழுந்தது. குளிர்காய்ச்சலுக்குக் கைகண்ட மருந்தான கொயினாச் சத்தை 1820 இல் பிரெஞ்சு வேதியியலார் இருவர் பட்டையிலிருந்து பிரித்தெடுத்திருந்தனர். இந்தியா, ஆபிரிக்கா, கிழக்கிந்தியத் தீவுகள் எங்கும் ஐரோப்பியர் ஆட்சி பரவப் பரவ அம்மருந்தின் தேவை பெருகியது. 1880 வாக்கில் ஓர் அவுன்ஸ் கொயினா பன்னிரண்டு ஷில்லிங் வரை விலை போயிற்று. மலைநாடெங்கும் சிங்கோனா நடப்பட்டது. இந்நாட்டுத் தேயிலையின் தந்தை எனப் போற்றப்படும் ஜேம்ஸ் டெயிலரும், கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையோடு சிங்கோனாவையும் பயிரிட்டவரே.

ஆனால் நட்டவர்களுக்கு விரைவில் ஒரு புதிர் எதிர்ப்பட்டது. எல்லா மரமும் சிங்கோனாதான். எல்லாப் பட்டையும் கசப்புத்தான். ஆயினும் கப்பலேற்றி அனுப்பிய பட்டையை இலண்டனில் இரசாயனப் பரிசோதனை செய்து பார்த்தபோது, ஒன்றில் கொயினாச் சத்து நூற்றுக்கு ஐந்து பங்கு. இன்னொன்றில் ஒரு பங்கு. வேறொன்றில் அதுவும் இல்லை. விலையோ கொயினாவின் அளவைப் பொறுத்தது. ஏன் இந்த வேறுபாடு?

இதை விளங்கிக்கொள்ளச் சிறிது விரிவாகவே கூற வேண்டும். சிங்கோனாப் பட்டையில் உள்ளது ஒரே சத்தன்று. கொயினா, கொயினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் என நான்கு காரச்சத்துக்கள் முதன்மையானவை. அவை ஒன்றுக்கொன்று உடன்பிறந்தவை போன்றவை. மரம் அவற்றை ஏறத்தாழ ஒரே வழியில் ஆக்கி, இறுதிப் படிகளிற் சிறிது வேறுபடுத்துகிறது. எந்தச் சத்து எவ்வளவு உண்டாகும் என்பது மண்ணையும் உயரத்தையும் மரத்தின் வயதையும் ஓரளவு பொறுத்தது. ஆனால் அதற்கு மேலாக, மரம் எந்தப் பெற்றோருக்குப் பிறந்தது என்பதைப் பொறுத்தது. சக்கிருப்ரா எனப்பட்ட சிவப்புப் பட்டை மரம் திடமாக ஓங்கி வளரும். தாழ்ந்த மலையிலும் பிழைக்கும். அதன் பட்டையில் மொத்தச் சத்து மிகுதியாயினும் கொயினா குறைவு. ஒபிசினாலிஸ் என்னும் மரம் மெல்லியது. ஐயாயிரம் அடிக்கு மேலேயே நன்கு செழிக்கும். கொயினா அதிற் சற்று மிகுதி. இவ்விரண்டுக்கும் மேலாக ஒரு மரம் உண்டு என்று ஜாவாவிலிருந்து செய்தி வந்தது. அதன் பெயர் லெட்ஜர்.

அப்பெயரின் வரலாறு தனிக் கதை. சார்ள்ஸ் லெட்ஜர் என்பவர் தென்னமெரிக்காவில் வாணிகம் புரிந்த ஆங்கிலேயர். அவரிடம் மானுவேல் இன்க்ரா மமானி என்னும் பொலிவியா நாட்டுப் பழங்குடி மனிதர் ஏவலாளராக இருந்தார். எந்த மரத்தின் பட்டை சிறந்தது என்பதைப் பார்த்த அளவிலே அறியும் பரம்பரை அறிவு மமானிக்கு இருந்தது. நல்ல மரங்களைத் தேர்ந்து, பனியாற் பூக்கள் கருகிப்போன ஆண்டுகளிலெல்லாம் பொறுத்திருந்து, கடைசியில் 1865 இல் முற்றிய விதைகளைத் திரட்டி, மலைத்தொடரைத் தாண்டி நடந்து வந்து அவர் லெட்ஜரிடம் சேர்த்தார். விதைகள் இலண்டனுக்குச் சென்றன. பிரித்தானிய அரசாங்கம் வாங்க மறுத்தது. ஒல்லாந்தர் ஓர் இராத்தல் விதையைச் சொற்ப விலைக்கு வாங்கி ஜாவாவுக்கு அனுப்பினர். மீந்த விதைகளை இந்தியாவில் தோட்டம் வைத்திருந்த மணி என்னும் ஆங்கிலேயர் வாங்கிச் சென்றார். ஏழாண்டுகள் கழித்து ஜாவாவில் வளர்ந்த மரங்களின் பட்டையை மூன்ஸ் என்னும் ஒல்லாந்த வேதியியலார் சோதித்தபோது, சில மரங்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேலும் கொயினா இருக்கக் கண்டு திகைத்தார். ஆங்கிலேயர் கைநழுவ விட்டது என்ன என்பது அப்போது புரிந்தது. மமானி பின்னொரு முறை விதை தேடிச் சென்றபோது அந்நாட்டு அதிகாரிகளாற் சிறைப்படுத்தப்பட்டு, அடியுண்டு இறந்தார். மரத்துக்கு லெட்ஜரின் பெயர் நிலைத்தது. மமானியின் பெயரைத் தாங்கும் மரம் இல்லை.

டிரைமன் இலங்கைக்கு வந்த காலத்தில் லெட்ஜர் என்ற சொல்லுக்கே மந்திர சக்தி இருந்தது. லெட்ஜர் விதையென்று சொல்லிவிட்டால் துரைமார் என்ன விலையும் கொடுத்தனர். அவ்வாறு வாங்கி விதைத்த நாற்றுமேடையில் முளைத்தனவோ பலவகைக் கன்றுகள். ஒன்றின் இலை குறுகியிருந்தது, ஒன்றின் இலை அகன்றிருந்தது, ஒன்று விரைந்தோங்கியது, ஒன்று குன்றிப் போயிற்று. விதை விற்றவரை மோசக்காரர் என்று ஏசினார்கள். சிலர் மோசக்காரராகவும் இருந்திருக்கலாம். ஆயினும் குற்றம் முழுவதும் அவர்களுடையதன்று. பூவிலேயே காரணம் இருந்தது.

சிங்கோனா மரங்களில் இருவகைப் பூக்கள் உண்டு. ஒரு மரத்துப் பூவில் சூற்றண்டு நீண்டு வெளியே தோன்றும், மகரந்தப் பைகள் உள்ளே ஒடுங்கியிருக்கும். மற்றொரு மரத்தில் இவை மாறியிருக்கும். ஒருவகைப் பூவின் மகரந்தம் மற்றவகைப் பூவைச் சேர்ந்தால்தான் விதை நன்கு பிடிக்கும். ஆகவே தன் பூவைத் தானே கருவுறச் செய்வது இம்மரத்தின் இயல்பன்று. வண்டும் தேனீயும் பக்கத்து மரத்தின் மகரந்தத்தைக் கொண்டுவரும். பக்கத்தில் சிவப்புப் பட்டை மரம் நின்றால், லெட்ஜர் தாயின் விதையிலிருந்து கலப்புப் பிள்ளை பிறக்கும். தாயின் பெயரை மட்டும் கேட்டு விதை வாங்கியவன் தந்தையை மறந்துவிட்டான்.

இந்நிலையில் அறிஞர்களிடையே ஒரு பெரிய வழக்கு எழுந்தது. லெட்ஜர் என்பது தனி இனமா? கலிசாயா என்னும் பழைய இனத்தின் ஒரு வகையா? அல்லது ஏதோ இரண்டு இனங்களின் கலப்பா? பட்டை ஆராய்ச்சியிற் பேர்பெற்ற ஹவார்டு என்னும் இலண்டன் அறிஞர் அதைக் கலிசாயாவின் வகையாகவே கொண்டிருந்தார். இது வெறும் பெயர்ச் சண்டை என்று நினைப்பது தவறு. கலப்பாயின், அதன் விதை ஒருநாளும் தாயைப்போல் உண்மையாக முளைக்காது. அதற்குப் பணம் கொடுப்பது சூதாட்டம். தனி இனமாயின், தூய மரங்களைப் பிரித்து ஒதுக்கி வைத்தால் விதையை நம்பலாம். தோட்டக்காரனின் கடன் அடைவதும் அடையாததும் இந்த விடையில் இருந்தது.

டிரைமன் இலை, பூ, காய் ஆகியவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்தார். லெட்ஜரின் பூ சிறியது, வெண்மஞ்சள் நிறமானது, காயும் சிறியது, இலை ஒடுங்கியது. இவ்வடையாளங்கள் ஒன்றுசேர்ந்து காணப்படுகின்றன என்று கண்டு, அது தனி இனமே என முடிவுசெய்து 1881 இல் எழுதி வெளியிட்டார். சிங்கோனா லெட்ஜரியானா என்னும் இனப்பெயரின் பின்னே இன்றும் மூன்ஸ் பெயரோடு டிரைமன் பெயர் நிற்பதை நூல்களிற் காணலாம். அதுபோலவே, ஒபிசினாலிஸும் சிவப்புப் பட்டையும் கலந்து பிறந்து மலைநாட்டில் திடமாக வளர்ந்த ஒரு கலப்பு மரத்தைப் பிரித்தறிந்து ரொபஸ்டா என்று பெயரிட்டவரும் அவரே. ஒன்று தனி இனம், மற்றொன்று கலப்பு என்று அவர் தீர்ப்புக் கூறியமை, அதுவரை எல்லாவற்றையும் ஒரே நாற்றுமேடையிற் குழப்பிக் கொண்டிருந்தவர்களுக்கு ஒரு அளவுகோலாயிற்று.

அவர் கையாண்ட கருவி கண் ஒன்றே. ஒவ்வொரு மரத்தையும் வேதியியலார் சோதிக்க முடியாத காலத்தில், இலையையும் பூவையும் பார்த்து உள்ளிருக்கும் சத்தை ஊகிக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு குறையும் உண்டு. இலை ஒத்திருக்கும் இரண்டு மரங்களின் பட்டை ஒத்திராமல் இருக்கக் கூடும். உடலின் வடிவத்தைக் கொடுக்கும் பரம்பரைக் கூறு வேறு, சத்தைக் கொடுக்கும் கூறு வேறு. இன்று ஹந்தானை மலைச் சரிவிலே வரிசையாக நிற்கும் கரிபியன் பைன் மரங்களைப் பாருங்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றே. ஆயினும் பைன் பிசினின் கூறுகள் மரத்துக்கு மரம் வேறுபடும் என்பதையும், அவ்வேறுபாட்டிற் பெரும்பகுதி பெற்றோர்வழி வருவது என்பதையும் ஆராய்ச்சியாளர் நிறுவியுள்ளனர். டிரைமன் காலத்தில் அந்த நுட்பம் வெளிப்பட்டிருக்கவில்லை. மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளைக் கலந்து பரம்பரையின் விதியைக் கண்டு ஒரு சபையில் படித்தது, மமானி விதை திரட்டிய அதே 1865 இல். ஆனால் அந்தக் கட்டுரை கேட்பாரற்றுக் கிடந்தது. விடை அச்சில் இருந்தும், அதைத் தேடியவர் கைக்கு எட்டவில்லை.

ஜாவாவில் ஒல்லாந்தர் வேறு வழியிற் சென்றனர். மரம் மரமாகப் பட்டையைச் சோதித்து, சிறந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டனர். மற்றவற்றை வெட்டி எறிந்தனர். விதையை முற்றும் நம்பாமல், வலிய சிவப்புப் பட்டை மரத்தின் வேரிலே லெட்ஜர் கிளையை ஒட்டு வைத்து வளர்த்தனர். ஒட்டுக்கிளைக்குத் தந்தை வேறில்லை. தாய் எதுவோ அதுவே பிள்ளை. அந்தப் பொறுமை அவர்களுக்கு இருந்தது. இலங்கைத் துரைமாருக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கோப்பிக் கடன் கழுத்தை நெரித்துக் கொண்டிருக்கையில் பத்தாண்டு காத்திருக்க யாரால் முடியும்? நல்ல மரமும் நலிந்த மரமும் ஒருங்கே உரிக்கப்பட்டன. நம் ஆண்களும் பெண்களும் மரத்தைக் கட்டையால் தட்டிப் பட்டையைத் தளர்த்தி, சீவி, வெயிலிற் காயவைத்து மூட்டை கட்டினர். ஈர மண்ணில் வேரழுகி நோய் கண்ட மரங்கள் சாகுமுன் அவசரமாக உரிக்கப்பட்டன. 1886 வாக்கில் ஆண்டொன்றுக்கு ஒன்றரைக் கோடி இராத்தல் பட்டை இலங்கையிலிருந்து ஏற்றுமதியாயிற்று. அந்த வெள்ளத்தில் விலை இடிந்து விழுந்தது. பன்னிரண்டு ஷில்லிங்குக்கு விற்ற கொயினா, பத்தாண்டுக்குள் இரண்டு ஷில்லிங்குக்கும் கீழே இறங்கியது. நூற்றுக்கு இரண்டு பங்கு சத்துள்ள பட்டையை அனுப்புவது கப்பற் கூலிக்கும் கட்டவில்லை. லெட்ஜர் மரங்களை வளர்த்த ஜாவா மட்டும் தாக்குப் பிடித்தது. பின்னர் உலகச் சந்தையின் பெரும்பகுதியைத் தன்னதாக்கிக் கொண்டது. இலங்கையில் சிங்கோனாவைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டார்கள்.

டிரைமனின் மனநிலை அப்போது எவ்வாறு இருந்ததோ, ஊகிக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் சோர்ந்து அமர்ந்தவரல்லர். த்வெயிட்ஸ் காலத்தில் 1876 இல் வந்திறங்கிய இறப்பர் மரங்கள் ஹேனரத்கொடைப் பூங்காவில் வளர்ந்திருந்தன. 1888 இல் அவற்றிற் பால்வெட்டிப் பார்க்கும் சோதனையை அவர் தொடங்கினார். அப்போது அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் அது தீவின் பெருஞ்செல்வங்களுள் ஒன்றாயிற்று. அனுராதபுரத்திலும் பதுளையிலும் கிளைப் பூங்காக்களை நிறுவினார். அவ்வாண்டே இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது.

இவையெல்லாவற்றிலும் மேலாக, இத்தீவின் தாவரங்கள் அனைத்தையும் தொகுத்துக் கூறும் நூலொன்றே அவர் உள்ளத்தை ஆட்கொண்டிருந்தது. ஈர மலைகளிலும் வடபகுதியின் வறண்ட காடுகளிலும் சேர்த்த செடிகளை ஒப்பிட்டு, இலங்கைத் தாவரக் கைந்நூல் என்னும் அப்பெரு நூலின் முதற்பாகத்தை 1893 இல் வெளியிட்டார். செடிகளின் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் அவர் குறித்து வைத்திருப்பது நமக்குச் சிறப்பாக மகிழ்ச்சி தருவது. சிங்களவர் பலு என்பதை நம் வன்னி மக்கள் பாலை என்பர் என்பது போன்ற செய்திகளை அதிற் காணலாம். படங்களை வரைந்தவர்கள் பூங்காவிலே தலைமுறை தலைமுறையாகச் சித்திரம் எழுதி வந்த த அல்விஸ் குடும்பத்தினர்.

நூல் வளர வளர ஆசிரியரின் உடல் தளர்ந்தது. காது கேளாமற் போயிற்று. பின்னர் கால்கள் முடங்கின. மலையேறிச் செடி தேடியவர் நாற்காலியில் அமர்ந்து உலர்ந்த இலைகளைப் புரட்டி எழுதினார். இரண்டாம் பாகம் 1894 இலும் மூன்றாம் பாகம் 1895 இலும் வெளிவந்தன. மணம் செய்துகொள்ளாத அவருக்கு அந்நூலே குடும்பம். 1896 அக்டோபரில், ஐம்பத்துமூன்று வயது நிரம்பும் தறுவாயில், அவர் உயிர் பிரிந்தது. குளிர்காய்ச்சலை உண்டாக்கும் கிருமியை லவரான் கண்டது அவர் இலங்கைக்கு வந்த ஆண்டில். அதை நுளம்பு பரப்புகிறது என்பதை ரொனால்டு ரோஸ் மெய்ப்பித்தது அவர் மறைந்த மறு ஆண்டில்.

லெட்ஜர் தனி இனம் என்ற அவர் தீர்ப்பு நிலைக்கவில்லை. இக்காலத் தாவரவியலார் அதைக் கலிசாயாவுக்குள் அடக்கிவிட்டனர்; ஹவார்டின் கருத்தே வென்றது எனலாம். ஆயினும் தூய மரம் வேறு, கலப்பு மரம் வேறு, அவற்றைத் தனித்தனியே அறிந்து வளர்க்க வேண்டும் என்ற அடிப்படையில் அவர் பிழைக்கவில்லை.

முடிக்காது விட்ட கைந்நூலை, அவர் குறிப்புக்களைக் கொண்டு நிறைவுசெய்யும் பொறுப்பை முதுபெரும் அறிஞர் ஜோசப் ஹுக்கர் ஏற்றார். நான்காம் பாகம் 1898 இல் வந்தது. எண்பது வயதைக் கடந்த ஹுக்கர் ஐந்தாம் பாகத்தை 1900 இல் வெளியிட்டார். அதே ஆண்டில்தான் ஐரோப்பாவில் மூவர், ஒருவரையொருவர் அறியாமல், மெண்டலின் பழைய கட்டுரையைத் தூசு தட்டி எடுத்தனர்.